பதினான்கு நாடுகளில் கேட்ட திட்டு

வாஷிங் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவருக்கு வைத்த பெயர் ஸ்டெதஸ்கோப். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று, பின்னால் வேலைக்கு வந்தவர்கள் அதைச் சுருக்கி, ஓர் ‘ஆர்’ சேர்த்து, ஸ்டெத்தார் ஆக்கினார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

காது அப்படி. மாடிப்படி ஏறும்போதே, மேலே ஓடுகிற மெஷினுக்கு பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேரிங் தேய்ந்துவிட்டதா, யாராவது சட்டைப் பையில் சில்லறையை விட்டுவிட்டார்களா என்று சொல்லிவிடுவார். எத்தனை சில்லறை என்றுகூடச் சொல்வார் என்பது பொய். அந்தப் பொய்யைப் பரப்பியவர் அவரே.

அவர் வேலை செய்கிற விதமும் தனி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்களைப்போல ஸ்பேனரை எடுக்கமாட்டார். மெஷினை ஓடவிட்டு, அதன் நெற்றியில் போனை வைத்து ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டு, வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, “சொல்லுங்க” என்பார். அவ்வளவுதான், அணை உடையும். வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் இது ஒழுங்காக ஓடியதில்லை, இந்த மனுஷனிடம் வேறு கம்பெனி வாங்கச் சொன்னேன், கேட்டால்தானே, போன தடவை வந்தவன் காசை வாங்கிக்கொண்டு போனவன்தான் என்று எல்லாம் வரும். “பாதிக் கோளாறு மெஷின்ல இருக்கும், மீதி வீட்டுக்காரங்க வாயில இருக்கும்” என்பது ஸ்டெத்தாரின் தொழில் கொள்கை. யாரையும் பாதியில் நிறுத்தச் சொன்னதில்லை. வேலை முடிந்த பிறகு மெஷினை மறுபடி ஓடவிட்டு மறுபடியும் ஒரு பதிவு எடுப்பார். அதற்குள் வீட்டுக்காரர்களுக்கு மனம் ஆறி, அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். மெஷின் மட்டும் தனியாக, சமத்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படியே பழைய போன்கள், புதுப் போன்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேலான பதிவுகள் சேர்ந்தன. மற்றவர்கள் போனில் பேரப்பிள்ளைகளின் படம் இருக்கும். இவர் போனில் தண்ணீர் வெளியேறும் ஓசை இருந்தது.

ஐம்பத்தைந்தாவது வயதில் முழங்கால் கைவிட்டது. வாஷிங் மெஷின் என்பது நின்றுகொண்டு பார்க்கக்கூடிய நோயாளி அல்ல. குனியவேண்டும், மண்டியிடவேண்டும், சில சமயம் தரையில் படுத்து அதன் அடிவயிற்றைப் பார்க்கவேண்டும். ஸ்டெத்தார் வேலையை விட்டார். காது மட்டும் வேலையை விட மறுத்தது. சாப்பிடும்போது பக்கத்து வீட்டு மெஷின் ஓடினால், கவளம் பாதி வழியில் நிற்கும்.

அப்போதுதான் மாப்பிள்ளை மாட்டினார்.

மாப்பிள்ளை ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர். கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. இல்லை, முடியாது, நேரமில்லை ஆகிய மூன்று சொற்களும் அவரிடம் முன்பு இருந்திருக்கலாம். மாமனார் வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்.

“மாப்பிள்ளை, இந்தச் சத்தத்தையெல்லாம் போனுக்குக் கத்துக்கொடுக்க முடியுமா?”

“முடியும் மாமா.”

மாப்பிள்ளை சொன்னது ஒரு தகவல். மாமனார் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். அடுத்த எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரு சொல்லில் போயின.

முறை எளிது என்று மாப்பிள்ளை விளக்கினார். கோளாறான மெஷின்களின் பதிவுகளை, என்ன கோளாறு என்று எழுதி, ஒரு பக்கம் போடவேண்டியது, சரிசெய்த மெஷின்களின் பதிவுகளை இன்னொரு பக்கம் போடவேண்டியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கம்ப்யூட்டர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடித்தது. என்ன வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாய் என்று அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

செயலிக்கு ‘சலவை நாடி’ என்று பெயர் வைத்தார்கள். போனை மெஷின்மேல் வைத்தால் போதும், அரை நிமிடத்தில் எழுத்திலும் குரலிலும் அவரவர் மொழியில் சொல்லிவிடும். “பேரிங் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றவும்.” “சுமை அதிகம், பாதியை வெளியே எடுக்கவும்.” “இயந்திரம் நலம்.” வீட்டு மெஷினில் சோதித்தார்கள். பேரிங் என்றது. வீட்டம்மா பக்கத்தில் நின்று, “நானும் மூணு மாசமா சொல்றேன், ஊர் மெஷினையெல்லாம் பாக்கத் தெரியுது, வீட்டு மெஷினைப் பாக்கத் தெரியல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தால் பேரிங்தான். ஸ்டெத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இலவசமா விடலாம் மாமா. நிறைய பேர் எடுப்பாங்க” என்றார் மாப்பிள்ளை.

“ஓசியில நாடி பாத்தா நோயாளி மாத்திரை சாப்பிட மாட்டான். விலை போடுங்க.”

“சரி மாமா.”

விலை போடும் படலம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. ஆப் விற்கும் கடையில் நூற்று எழுபத்தைந்து நாடுகளின் பட்டியல் இருந்தது.

“ஒரு விலை சொல்லுங்க மாமா. எல்லா நாட்டுக்கும் கடையே கணக்குப் போட்டு மாத்திக்கும்.”

“என் கஸ்டமரைப் பத்திக் கடைக்கு என்ன தெரியும்?” என்றார் ஸ்டெத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த உலகப் படப் புத்தகத்தைத் தூசி தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “ஒவ்வொண்ணா வாசிங்க.”

மாப்பிள்ளை வாசித்தார். ஸ்டெத்தார் தீர்ப்புச் சொன்னார். பனி பெய்யும் நாடு என்றால் துணி வெளியே காயாது, மெஷின் இல்லாமல் பிழைப்பு இல்லை. இரண்டு காபி விலை. வெயில் நாட்டுக்காரனுக்குக் கொடியும் நாலு கிளிப்பும் போதும், அரைக் காபி. தீவு என்றால் காற்று தானாக அடிக்கும், இன்னும் கொஞ்சம் குறை.

“இது பாலைவனம் மாமா. குறைச்சிடவா?”

“அவசரப்படாதீங்க. காயறது சுலபம்தான். ஆனா மணல். மணல் பேரிங்குக்கு ஆகவே ஆகாது. ஏத்துங்க.”

உலகத்துக்கு விலை போட்டு முடிக்க இரண்டு ஞாயிறு ஆயிற்று. அதற்குள் விசிட்டிங் கார்டும் அச்சாகி வந்துவிட்டது. ‘சலவை நாடி – 175 நாடுகளில் கிடைக்கும்.’ அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கிடைக்கும் என்றுதான் போட்டிருந்தது. வாங்கினார்கள் என்று எங்கும் போடவில்லை.

கார்டு கைமாறிக் கைமாறி மச்சானிடம் போய்ச் சேர்ந்தது. மச்சான் என்றால் வீட்டம்மாவின் தம்பி. மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கடை சின்னது, மெத்தைகள் பெரிசு. ஆகவே அக்கா வீட்டின் முன்னறைமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அந்த அறையில்தான் ஸ்டெத்தாரின் நாற்காலி, மேஜை, பழைய மோட்டார்கள், ஒரு பெட்டி நிறைய பேரிங்குகள், ஆயிரம் பதிவுகள் எல்லாம் இருந்தன. வீடு வீட்டம்மாவின் பெயரில். அவருடைய அப்பா கொடுத்தது. ஸ்டெத்தார் அந்த வீட்டில் மருமகனாக நுழைந்து முப்பது வருடம் ஆகியும், ஆணி அடிப்பதற்குமுன் அனுமதி கேட்கிறவர்.

மச்சான் ஒரு மாலை அளவு டேப்புடன் வந்தார்.

“நிக்க வச்சா எட்டு மெத்தை அக்கா. படுக்க வச்சு அடுக்கினா பன்னெண்டு.”

“அங்க என் ஆபீஸ் இருக்கு மச்சான்” என்றார் ஸ்டெத்தார்.

“கார்டைப் பாத்தேன் அத்தான். நூத்தி எழுபத்தஞ்சு நாடு. நம்ம குடும்பத்துலயே இவ்வளவு பெரிய ஆள் யாரும் இல்ல. எத்தனை நாட்டுல வித்திருக்கு?”

ஸ்டெத்தார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

“ஒண்ணு” என்றார் மாப்பிள்ளை. “கனடா. என்னோட படிச்சவன்தான்.”

மச்சான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

“நான் தப்பா சொல்லல அத்தான். ரூமை எனக்குக் குடுங்க, நீங்க கடைக்கு வந்துடுங்க. மெத்தை மேல உக்காந்து கஸ்டமரைப் பாத்துக்கிட்டா போதும். முழங்காலுக்கும் இதமா இருக்கும்.”

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் மெத்தைக்குச் சத்தம் கிடையாது. தேய்வதில்லை, உரசுவதில்லை, தளர்ந்தால்கூட வாயைத் திறப்பதில்லை. ஒரு காது மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்த மனிதன், வாய் பேசாத ஒரு பொருளின்மேல் மீதி ஆயுளுக்கு உட்காருவது எப்படி?

வீட்டம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பேச்சு அதிகம், தீர்ப்புச் சுருக்கம்.

“பத்து நாடு. இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள. பத்து நாட்டுல வித்தா ரூம் அவருக்கு. இல்லேன்னா மெத்தைக்கு. சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க வாங்கினா கணக்குல வராது.”

கனடா கழிந்தது. கணக்கு சுழியத்தில் தொடங்கியது.

ஆப் கடையில் ஓர் உலகப் படம் உண்டு. விற்ற நாடு பச்சையாகும். ஸ்டெத்தார் காலையில் பல் தேய்ப்பதற்குமுன் அதைப் பார்த்தார், தேய்த்த பிறகு பார்த்தார். இடையில் உலகம் மாறிவிடவில்லை. ஐந்தாம் தேதி பின்லாந்து பச்சையானது. “பாத்தீங்களா, பனி” என்றார். ஒன்பதாம் தேதி நார்வே. “பனி” என்றார் மறுபடியும். பன்னிரண்டாம் தேதி கென்யா வந்ததும் அவர் கொள்கை கொஞ்சம் ஆடிப்போனது. பனி இல்லாவிட்டாலும் பச்சை பச்சைதான் என்று விட்டுவிட்டார்.

பின்லாந்துக்காரர் விமர்சனம் எழுதினார். மாப்பிள்ளை மொழிபெயர்த்துப் படித்தார்: “புது மெஷின். ஓடும்போது நடந்து கதவு வரைக்கும் வந்துவிட்டது. செயலி ‘இயந்திரம் நலம்’ என்கிறது. ஒரு நட்சத்திரம்.”

நார்வேக்காரரும் அதே பாட்டு: “மெஷினிலிருந்து புகை வந்தது. இயந்திரம் நலமாம். ஒரு நட்சத்திரம்.”

ஸ்டெத்தார் நொறுங்கிப்போனார். ஆனால் நோயாளி வாசலில் நிற்கும்போது வைத்தியன் அழக்கூடாது. பின்லாந்துக்காரருக்குப் பதில் எழுதச் சொன்னார்.

“ஐயா, மெஷின் எவ்வளவு தூரம் நடந்தது? நேராக நடந்ததா, குதித்துக் குதித்து நடந்ததா? முதல் நாளிலிருந்தே இப்படியா? பின்பக்கம் நான்கு பெரிய போல்ட் இருக்கும். வண்டியில் வரும்போது உள்ளே தொட்டி ஆடாமலிருக்கப் போட்டது. அதைக் கழற்றினீர்களா?”

இரண்டு நாள் கழித்து விமர்சனம் மாறியிருந்தது: “கழற்றவில்லை. நான்கு போல்ட் இருப்பதே இப்போதுதான் தெரியும். மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. செயலியால் பயனில்லை, எழுதிய மனிதரால் பயன் உண்டு. இரண்டு நட்சத்திரம். இரண்டும் அவருக்கு.”

அந்த வரியை ஸ்டெத்தார் மாப்பிள்ளையை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அப்படியும் நாடு மூன்றுதான். தேதி பதினெட்டு. மச்சான் வாரத்துக்கு ஒருமுறை வந்து, “சும்மா அக்காவைப் பாக்கலாம்னு” என்று சொல்லிவிட்டு முன்னறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் தேதி காலை போர்ச்சுகல் பச்சையானது. மாலை பிரேசில். மறுநாள் சிலி, ஸ்பெயின், இத்தாலி. இருபத்திரண்டாம் தேதி பல் தேய்க்கும்போது எட்டாக இருந்தது, வாய் கொப்பளிக்கும்போது ஒன்பது. இருபத்தைந்தாம் தேதிக்குள் பதினான்கு நாடுகள். ஸ்டெத்தார் வீட்டுக்குள் நடக்கும் நடையே மாறிவிட்டது. முழங்கால் வலியைக்கூட, வெளிநாட்டுத் தொடர்புள்ள ஒருவர் தாங்கும் தோரணையில் தாங்கினார். சுவரிலிருந்த பென்சில் கோட்டை ரப்பர் வைத்து அழித்தார்.

“மாப்பிள்ளை, என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க.”

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். முகம் வெளுத்தது. “அப்புறம் படிக்கிறேன் மாமா.”

அப்புறம் அப்புறம் என்று அவர் மூன்று நாள் தள்ளினார். அந்த மூன்று நாளும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாமனாரின் பதிவுகளை ஒன்று விடாமல் கேட்டார். இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு முன்னறைக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

“மாமா, ஒரு சின்ன விஷயம்.”

சின்ன விஷயம் என்று தொடங்கிய எதுவும் எந்த வீட்டிலும் சின்னதாக முடிந்ததில்லை.

“போர்ச்சுகல்ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க.” மாப்பிள்ளை படித்தார். “‘எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினே இல்லை. அக்கா போனில் இந்தச் செயலியைப் பார்த்தேன். மாமியார் பேச ஆரம்பித்ததும் அவர் பக்கம் நீட்டினேன். பேரிங் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றவும் என்றது. இவ்வளவு துல்லியமான செயலியை நான் பார்த்ததில்லை. ஐந்து நட்சத்திரம்.’ அவங்க அதை வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க மாமா. அதுக்கப்புறம் சிலியில ஒரு ஆபீஸ். மீட்டிங்ல மேனேஜரும் டெபுடியும் ஒரே நேரத்துல பேசும்போது வச்சிருக்காங்க. ‘சுமை அதிகம், பாதியை வெளியே எடுக்கவும்’னு சொல்லியிருக்கு.”

ஸ்டெத்தாருக்குப் புரியவில்லை. “மெஷின் எங்க இருந்துது?”

“மெஷினே இல்ல மாமா. அதான் விஷயம்.”

மாப்பிள்ளை பதிவுகளைப் போட்டுக் காட்டினார். பேரிங் போன மெஷின்: கரகரவென்ற சத்தம், அதற்குமேல் ஓர் அம்மா நிறுத்தாமல் திட்டுகிறார். இன்னொரு பேரிங்: இன்னோர் அம்மா. துணி அதிகம் திணித்த மெஷின்: கணவனும் மனைவியும் ‘நீதான் போட்ட’, ‘நீதான் போட்ட’ என்று சேர்ந்து கத்துகிறார்கள். சரிசெய்த மெஷின்கள்: மெஷின் ஓசை மட்டும், ஆள் குரலே இல்லை. கம்ப்யூட்டர் பார்த்தது. ஒரு பக்கம் திட்டு இருந்தது, மறுபக்கம் இல்லை. இதைவிடத் தெளிவான வித்தியாசம் அதற்குக் கிடைக்கவில்லை. பேரிங்கையும் பெல்ட்டையும் எதற்குக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று விட்டுவிட்டது.

“அந்த பின்லாந்துக்காரர் வீட்டுல தனியா இருக்கார் மாமா. மெஷின் பக்கத்துல நின்னு திட்ட ஆள் இல்ல. அதான் நலம்னு சொல்லியிருக்கு.”

“நம்ம வீட்டுல சரியா சொல்லிச்சே?”

இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் காட்சி ஞாபகம் வந்தது: வீட்டம்மா பக்கத்தில் நின்றிருந்தது, அவர் பேசிக்கொண்டிருந்தது.

ஸ்டெத்தார் போனைக் கவிழ்த்து வைத்தார். இருபத்திரண்டு வருடம் காதைக் கொடுத்துச் சேர்த்தது. அதை உலகம் முழுக்க மாமியார்மேல் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. கிணறு வெட்டினார், பல நாட்டுப் பூதங்கள் வரிசையாக வந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயின.

“இப்பவே கடையிலேர்ந்து எடுத்துடுங்க” என்றார்.

“மாமா, நாளன்னிக்கு முப்பது. எடுத்தா ரூம் போயிடும். ரெண்டு நாள் பேசாம இருந்தா…”

“பேசாம இருந்தா மெஷின் நலம்னு அர்த்தம். அதைத்தானே அதுக்குக் கத்துக்குடுத்திருக்கோம்.”

சொன்னாரே ஒழிய, அதன்பிறகு எடுக்கவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேரிங் பெட்டியைத் திறப்பார், ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக் காதில் வைப்பார், மூடுவார்.

முப்பதாம் தேதி மச்சான் வந்தார். வாசலில் வண்டி நின்றது. வண்டியில் மெத்தைகள் ஏற்றப்பட்டிருந்தன. நம்பிக்கை என்றால் அது.

வீட்டம்மா முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை போனை மேஜைமேல் வைத்து உலகப் படத்தைத் திறந்தார்.

“எண்ணுங்க” என்றார் வீட்டம்மா.

மாப்பிள்ளை கனடாவை விட்டுவிட்டு எண்ணினார். பதினான்கு. மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரும் எண்ணினார். பதினான்கு. ஜன்னல் வழியாக வண்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சரி” என்று வீட்டம்மா எழப்போனார்.

ஸ்டெத்தார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். ஜெயித்த கையோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் உள்ளுக்குள் கரகரக்கும் மெஷினை ‘நலம்’ என்று சொல்லிவிட்டு எந்த வீட்டிலிருந்தும் அவர் வெளியேறியதில்லை.

“இரு. நான் ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். திட்டையும் சொன்னார், மாமியாரையும் சொன்னார், மீட்டிங்கையும் சொன்னார்.

மச்சான் துள்ளி எழுந்தார். “அப்போ இது செல்லாது. மெஷினுக்குன்னு வித்துட்டு மாமியாருக்கு வேலை செஞ்சா அது வியாபாரமா அத்தான்? நான் மெத்தைன்னு சொல்லிக் கதவை வித்தா ஒத்துக்குவீங்களா?”

“நான்தானே மச்சான் சொன்னேன். நான் சொல்லலேன்னா உனக்குத் தெரியுமா?”

“சொன்னதுனால சரியாயிடுமா? மூணு வருஷமா நான் இந்த ரூமைக் கேக்கறேன். ஒரு வார்த்தை…”

“முப்பது வருஷமா நான் இந்த ரூம்ல…”

“ரெண்டு பேரும் கொஞ்சம்…” என்றார் மாப்பிள்ளை. அவரை யாரும் கவனிக்கவில்லை.

இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கி ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்காமல் போன நேரத்தில், மேஜைமேல் இருந்த போன் பேசியது. ஸ்டெத்தார் சொல்லும்போது காட்டுவதற்காக மாப்பிள்ளை செயலியைத் திறந்துவைத்து மூட மறந்திருந்தார்.

“சுமை அதிகம்” என்றது போன், தெளிவான பெண் குரலில். “பாதியை வெளியே எடுக்கவும்.”

எல்லோரும் வாயை மூடினார்கள். அரை நிமிடம் கழிந்தது.

“இயந்திரம் நலம்” என்றது போன்.

முதலில் சிரித்தவர் வீட்டம்மா. அவர் அப்படிச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நாற்காலியும் சேர்ந்து ஆடியது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“பத்து நாட்டுல விக்கணும்னுதான் பேசினோம். எதுக்கு வாங்கணும்னு பேசல. ரூம் இவருக்கு.” தம்பி வாயைத் திறந்தார். “இரு, முடிக்கல. இவர் சும்மா ரூமைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கக் கூடாது. மூணு மாசத்துல அதை ஒழுங்கா மெஷின் பாக்க வைக்கணும். இல்லேன்னா மெத்தை.”

மெத்தைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

திருத்துவது எப்படி என்று மாப்பிள்ளை யோசித்துச் சொன்னார். கோளாறான மெஷின் பக்கத்தில் திட்டாதே என்று உலகத்தில் எந்த வீட்டிலும் சொல்லமுடியாது; சொன்னால் நமக்கும் சேர்த்து விழும். ஆகவே ஒரே வழி, நல்ல மெஷின் பக்கத்திலும் திட்டு வேண்டும். ஒரு குறையும் இல்லாத மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று நூற்றுக்கணக்கில் திட்டிப் பதிவு செய்தால், திட்டு இரண்டு பக்கமும் சமமாகிவிடும். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் மெஷினைக் கவனிக்கத் தொடங்கும்.

“திட்டறதுக்கு ஆள்?” என்றார் ஸ்டெத்தார்.

வீட்டம்மா தம்பிக்குப் போன் போட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் மச்சான் வந்தார். சர்வீஸ் சென்டரில் சொல்லிவைத்து வாங்கிய ஒரு நல்ல மெஷின் முன்னறையில் ஓடிக்கொண்டிருக்கும். மச்சான் அதன் முன் நின்று, கடை வாடகை, பேரம் பேசுகிற கஸ்டமர், அத்தானுடைய பிடிவாதம், கைவிட்டுப் போன ரூம் என்று மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுவார். ஓர் ஆளுக்கு இவ்வளவு பொருத்தமான வேலை அமைவது அபூர்வம். இரண்டாவது மாதம் அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருப்பதாக டாக்டரே சொன்னாராம். வீட்டம்மா தயாரிப்பே இல்லாமல் அறுபது பதிவு கொடுத்தார். மகள் வந்து, மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று மெஷினைப் பார்த்து இருபது நிமிடம் கேட்டாள்.

பின்லாந்துக்காரருக்கும் எழுதினார்கள். தனியாக வாழ்கிறவர், ஆனாலும் உதவினார். தன் மெஷினின் முன் நின்று அவர் மொழியில் ஒரு நிமிடம் திட்டி அனுப்பினார். தயங்கித் தயங்கி, இடையில் மன்னிப்பும் கேட்டிருந்தார் என்று மாப்பிள்ளை சொன்னார்.

மூன்றாவது மாதம் புதிய சலவை நாடி கடைக்கு வந்தது. மாமியார் கட்சிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். “முன்பு எவ்வளவு அருமையாக இருந்தது. இப்போது வாஷிங் மெஷினைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஒரு நட்சத்திரம்” என்றார் போர்ச்சுகல் அம்மா. புது விற்பனை வாரத்துக்கு இரண்டு மூன்றாகச் சுருங்கியது. ஆனால் நார்வேக்காரர், புதிய செயலி சொன்னபடி மோட்டார் மாற்றிய பிறகு, ஒன்றை நான்காக்கினார். ஸ்டெத்தார் அந்த நான்கைப் பெரிதாக அச்சடித்து, பென்சில் கோடு இருந்த இடத்தில் ஒட்டினார். ஆணி அடிக்கவில்லை.

அடுத்த திருத்தத்துக்குக் கடைசிப் பதிவு ஒன்று மட்டும் பாக்கி. அமைதியான ஆள் ஒருவரின் குரலும் வேண்டும் என்று ஸ்டெத்தாருக்குத் தோன்றியது.

“நீங்க நில்லுங்க மாப்பிள்ளை.”

“எனக்குத் திட்ட வராது மாமா.”

“வர்றதைச் சொல்லுங்க.”

மேலே வைத்த போனில் செயலி திறந்திருக்க, மெஷின் ஓடியது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். ஒருமுறை கனைத்தார். “துணி… சரியா வெளுக்கல” என்றார். நிறுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ தெரியவில்லை, மெஷினை விட்டு மாமனார் பக்கம் திரும்பினார்.

“மாமா, முடியும்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த நூத்தி எழுபத்தஞ்சு நாட்டுக்கும் நான்தான் உக்காந்து விலை போட்டேன், அதுல முக்காவாசி நாட்டுல யாருமே வாங்கல. ரெண்டாயிரம் திட்டு கேட்டிருக்கேன், தூக்கத்துல யாரோட மாமியாரோ கூப்பிடறாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன். அதுக்கு அடுத்த வாரமும் வரமாட்டேன். ஏசிக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணலாம்னு யோசிச்சு வச்சிருக்கீங்க, அக்கம்பக்கத்துல சொல்லிட்டீங்க, எனக்குத் தெரியும். முடியாது. முடியாது மாமா.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் கதவோரத்தில் வந்து நின்றாள். மாப்பிள்ளை, தான் பேசியதைத் தானே கேட்டவர்போல், வியர்த்து நின்றார்.

ஸ்டெத்தார் தலையைச் சாய்த்து அரை நிமிடம் காத்திருந்தார்.

“இயந்திரம் நலம்” என்றது போன்.

ஸ்டெத்தார் மெஷின்மேல் காதை வைத்துக் கேட்டார். பேரிங் சுத்தமாக ஓடியது, பெல்ட் சரியாக இருந்தது, பையில் சில்லறை ஒன்றும் இல்லை. முகம் மலர்ந்தது.

“சரியாத்தான் சொல்லுது. நல்ல பதிவு மாப்பிள்ளை. அடுத்த ஞாயித்துக்கிழமை வரவேண்டாம், நிம்மதியா இருங்க.” ரெக்கார்டு பொத்தான்மேல் மறுபடி விரலை வைத்தார். “இன்னும் ஒரே ஒரு தடவை. இந்தத் தடவை கொஞ்சம் பக்கத்துல வந்து சொல்லுங்க.”